பேசாப் பிள்ளைக்கு யார் பேசுவார்?

மாணாக்கரை வகைப்படுத்துவது தமிழாசிரியனுக்குக் கைவந்த கலை. நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், அன்னமும் ஆவும் போன்றோர் தலைமாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர் என்றும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றோர் கடைமாணாக்கர் என்றும் பவணந்தி முனிவர் வகுத்த வரிசையைச் சுவைபட விரித்துரைப்பது எங்கள் வழக்கம். வகுப்புச் சிரிக்கும், எங்கோ ஒரு மூலையில் ஒரு பிள்ளையின் முகம் வாடும். அதே பாயிரத்தில் ஆசிரியனுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பாடங் கேட்பவன் எவ்வாறு கொள்ளவல்லான் என்பதை அறிந்து, அதற்கேற்பச் சொல்லுபவனே ஆசிரியன் என்பது அதன் கருத்து. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் எங்கள் உரை சுருங்கிவிடும். பிறரைப் பழித்துரைப்பதற்காக இதனைக் கூறினேனல்லேன். முப்பது ஆண்டுகள் அப்பாயிரத்தைக் கற்பித்தும் அதன் பொருளை அறியாதிருந்தவன் யானே என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

திருகோணமலை நகரினின்றும் வடக்கே உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவுப் பக்கஞ் சென்றால், கடலோரத்தில் சல்லி என்னும் சிற்றூர் உள்ளது. அம்மன் கோயிலும் கடற்றொழிலும் அவ்வூருக்கு அடையாளங்கள். அங்கிருந்து ஏழாந் தரத்துக்கு வந்து சேர்ந்த சிறுமி ஒருத்தியே என் ஆசிரியை ஆனவள். அவள் பெயரை இங்கே கூறுதல் முறையன்று. அவள் எழுதிய முதற் கட்டுரை கரைவலையைப் பற்றியது. வலையின் மடி கரையேறுவதற்கு முன்னரே, கயிற்றின் இறுக்கத்தைக் கைகளால் உணர்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தன் தந்தையார் அறிந்துவிடுவார் என்று அதில் எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாக்கியமா இது என்று வியந்து, ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆயினும் அப்பிள்ளை வகுப்பில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பெயர் கூப்பிட்டால் தலையை அசைப்பாள். கேள்வி கேட்டால் கல்லாய் நிற்பாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பா ஓதுவோரைத் தெரிவு செய்த நாளில், நான் அவளை எழுப்பி விட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. எழுத்தில் இத்துணைத் திறமுடையவள் நாலடி ஓதமாட்டாமல் இருப்பாளா, இது பிடிவாதமேயன்றி வேறில்லை என்று எனக்குச் சினம் மூண்டது. ஓதும்வரையில் உட்காரக்கூடாது என்றேன். மணி அடிக்கும்வரை நின்றாள். வாய்மொழித் திறனுக்கு நான் இட்ட புள்ளி பூச்சியம். முன்னேற்ற அறிக்கையில் நான் எழுதிய குறிப்பு: ‘ஆற்றல் உண்டு; பணிவு இல்லை.’

அந்த அறிக்கையை மடியிற் கட்டிக்கொண்டு தாயார் வந்தார். வாதாட வரவில்லை, மன்னிப்புக் கேட்க வந்தார். அதுவே எனக்கு முதற் சாட்டையடி. “வீட்டில வாய் ஓயாது ஐயா. நீங்கள் படிப்பிச்ச பாட்டையெல்லாம் தம்பிக்கு உங்களைப் போலவே சொல்லிக் காட்டுவாள். பள்ளிக்கூட வாசலைக் கண்டால்தான் தொண்டை அடைச்சுப் போகுது எண்டு சொல்லுறாள்” என்றார். சிறிது பொறுத்து, “பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன ஒரு செம்புத் தண்ணியையும் ஒரே மூச்சில குடிக்கிறாள் ஐயா. காலமையிலயிருந்து ஒரு மிடறும் குடிக்கிறேல்ல. ஏன் பிள்ளை எண்டு கேட்டால், குடிச்சால் வெளியில போக வேணும், போறதெண்டால் வாய் திறந்து கேக்க வேணுமே எண்டு அழுகிறாள்” என்றார்.

வெயில் எரிக்கும் திருகோணமலையில், வாய் திறந்து அனுமதி கேட்க இயலாமையால், ஒரு குழந்தை நாள் முழுதும் நீர் அருந்தாதிருக்கின்றது. பிடிவாதம் உடையவர் எவரும் இவ்வாறு தம்மைத் தாமே வருத்திக்கொள்வாரோ? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுமாறு தாயாருக்குச் சொன்னேன். அங்கே மருத்துவர் விளக்கியதைக் கேட்ட பின்னரே, இந்நிலைக்கு நீண்ட வரலாறு ஒன்றுண்டு என்பதை அறிந்தேன். பேசும் ஆற்றலிருந்தும் சிலவிடங்களிற் பேசாதோரைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1877 இல் எழுதியபோது, அவர்கள் தம் விருப்பத்தினாலேயே பேசாதிருக்கின்றனர் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1934 இல் திராமர் என்பவர் இட்ட பெயரிலும், பிள்ளை தானே தேர்ந்துகொண்ட மௌனம் என்னும் கருத்தே நின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் 1994 இல் அப்பெயரை மாற்றிச் ‘சிலவிடங்களில் மட்டும் நிகழும் பேசாமை’ என்னும் பொருள் வருமாறு செய்தது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலோ இந்நிலை பதகளிப்புக் கோளாறுகளின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. பிடிவாதம் என்று தொடங்கிய பெயர் அச்சம் என்று முடிவதற்கு நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. சொல்லை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்திற்று: பிழையான பெயரை இட்டவன் பிழையான தண்டனையையும் இடுவான். நான் ‘பணிவு இல்லை’ என்று எழுதியதும் அத்தகையதொரு பெயரே.

பதகளிப்பு என்பது நம்மூர்ச் சொல். நம் பாட்டிமார் வாயில் வழங்கிய சொல். போர் நடந்த காலத்திலேயே, 1993 இல், உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதி, உள்ளத்தின் காயங்களைப் பற்றி நாம் நம் மொழியிலேயே பேசுதற்கு வழி செய்தார். ஆதலின் இவற்றைப் பற்றிப் பேசத் தமிழிற் சொல் இல்லை என்று எவரும் கூறவியலாது. எனினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பேசாத பிள்ளை என்றவுடன், போரினாலா, 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி வந்த ஆழிப்பேரலையினாலா என்று நாம் வினவத் தொடங்கிவிடுகின்றோம். என் சகபாடிகளும் அவ்வாறே வினவினர். இச்சிறுமியோ அவை இரண்டும் முடிந்த பின்னர் பிறந்தவள். போரையும் கடலையும் காணாத நாடுகளிலும் இத்தகைய பிள்ளைகள் உளர். இயல்பாகவே அச்சம் மிகுந்த உள்ளமே பெரும்பாலும் இதற்கு நிலைக்களன் என்பது அறிஞர் கருத்து. பெருந்துயர் ஒன்றைத் தேடி வீட்டைத் துருவுவதிலும், வகுப்பறையில் நாம் செய்வது யாது என்று பார்ப்பதே நன்று.

இனிப் பாடசாலையில் நிகழ்ந்ததைக் கூறுவேன். எந்தப் பாடசாலையிலும் நிகழக்கூடியதே அது. அதிபரும் பகுதித் தலைவரும் வகுப்பாசிரியையும் தாயாரும் யானும் ஒருநாள் கூடினோம். மூன்று கருத்துக்கள் எழுந்தன.

முதலாவது, ‘புள்ளிகள் நன்றாகத்தானே எடுக்கிறாள், பிறகென்ன குறை?’ என்பது. விவேகமுள்ள பிள்ளையின் அவலம் இதுவே. அவளுடைய அறிவு அவளுடைய இடரை மறைக்கின்றது. அவளுடைய இடர் அவளுடைய அறிவை மறைக்கின்றது. எழுத்துப் பரீட்சையைப் பார்ப்பவருக்குக் குறை தெரிவதில்லை. வாய்மொழிப் பரீட்சையைப் பார்ப்பவருக்கு நிறை தெரிவதில்லை. பின்தங்கிய பிள்ளையாயின் எவரேனும் இரங்கியிருப்பர். முன்னிற்கும் பிள்ளையாதலால் எல்லாரும் சினந்தோம்.

இரண்டாவது, ‘விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்கு மாற்றிவிடலாமே’ என்பது. அவ்வலகுகளில் ஆசிரியர்கள் ஆற்றும் பணி வணங்கத்தக்கது. அதனை நான் குறைத்துக் கூறேன். ஆனால் மற்றப் பிள்ளைகளின் நடுவே பேச அஞ்சும் ஒருத்தியை அப்பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிடுவதனால் அவ்வச்சம் எங்ஙனம் தீரும்? பாடத்தில் ஒரு குறையும் இல்லாதவளுக்கு வேறு பாடத்திட்டம் எதற்கு?

மூன்றாவது கருத்தே வலியது. ‘ஒருத்திக்கு விதிவிலக்களித்தால் மற்றவர்களுக்கு அநீதியன்றோ? செல்லங்கொடுத்தால் அச்சம் வளராதோ?’ என்று வகுப்பாசிரியை கேட்டார். இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளலாகாது. அநீதி என்பதற்கு நன்னூலாரே விடை தருகின்றார். நல்லாசிரியனுக்கு அவர் காட்டும் உவமைகளுள் நிறைகோல் ஒன்று. நிறைகோல் எல்லாப் பொருளுக்கும் ஒரே எடையைக் கூறுவதில்லை. ஒவ்வொன்றின் உண்மையான எடையையும் கோணாது காட்டுகின்றது. கண்ணாடி அணிந்த பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் அநீதி என்று கூவுவதில்லையே. செல்லம் என்பதைப் பற்றி வகுப்பாசிரியை அஞ்சியதில் உண்மை உண்டு. ஒன்றுங் கேளாது விட்டுவிட்டால் அச்சம் வேரூன்றும். வற்புறுத்தினாலும் வேரூன்றும். படிப்படியாக, அஞ்சாத இடத்திலிருந்து அஞ்சும் இடத்துக்கு அழைத்துச் செல்வதே மருத்துவர் காட்டும் வழி.

அன்று ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதி, அதிபரின் ஒப்பத்தைப் பெற்றோம். முன்னறிவித்தலின்றி அவளை எழுப்பி வினாவுதலில்லை. வெளியே செல்ல வேண்டின், மேசை விளிம்பில் ஒரு சிறு நீல அட்டையை வைத்துவிட்டுச் செல்லலாம். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. வாய்மொழித் திறனை, வீட்டில் தாயார் கைபேசியிற் பதிவுசெய்து தரும் குரலைக் கேட்டு மதிப்பிடலாம். அவளோடு வீதியிற் கூடி விளையாடும் தோழி அவளருகே அமரவேண்டும். வாரத்தில் இருநாள், பாடசாலை கலைந்தபின், ஆளில்லா வகுப்பறையில் தாயும் மகளும் பேசிக்கொண்டிருக்கலாம். பின்னர் அங்கே தோழி சேருவாள். அதன் பின்னர் ஆசிரியர் ஒருவர் வாசலருகே நிற்பார். அவ்வளவே. இதற்குப் பணம் வேண்டியதில்லை, கட்டடம் வேண்டியதில்லை, சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

எனினும், ‘சுற்றறிக்கை வேண்டியதில்லை’ என்று எழுதியவுடன் என் எழுதுகோல் தயங்குகின்றது. ஓர் ஆசிரியன் மனம் மாறினமையால் ஒரு பிள்ளை தப்பினாள். நாளை எனக்கு இடமாற்றம் வந்தால்? புதிதாக வருபவர், யான் முன்பு நினைத்தது போலவே நினைத்தால்? பிள்ளையின் நலன் ஆசிரியனின் கருணையைச் சார்ந்திருக்குமாயின், அது பிச்சையேயன்றி உரிமையன்று. இங்கேதான் நாட்டின் சட்டத்தை நோக்கவேண்டியுள்ளது.

1945 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவை எல்லார்க்கும் திறந்தது. 1998 ஆம் ஆண்டு முதல் ஐந்து வயது தொடங்கிப் பதினான்கு வயது வரையிலும், 2016 இல் விரிவாக்கப்பட்ட பின் பதினாறு வயது வரையிலும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றாரின் கட்டாயக் கடமையாயிற்று. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இல் இயற்றப்பட்ட 28 ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணங் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்தலாகாது என விதித்தது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயின் அச்சட்டத்தின் வரைவிலக்கணத்தை உற்று நோக்குக. உடலின் அல்லது உள்ளத்தின் ஆற்றற் குறைவினால், வாழ்க்கைக்கு இன்றியமையாதவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே தேடிக்கொள்ள மாட்டாதவர் என்னும் பொருள்படவே அது வரையறை கூறிற்று. தானே உண்டு, உடுத்து, தன் தம்பிக்குப் பாடமும் சொல்லிக்கொடுக்கும் சல்லிச் சிறுமி அவ்வரையறைக்குள் எங்ஙனம் அடங்குவாள்? மேலும், அது கல்வியைப் பற்றிக் கூறுவது அனுமதியை மட்டுமே. வாசலைத் திறந்துவிட்ட சட்டம், உள்ளே வந்த பிள்ளை எவ்வாறு நடத்தப்படுவாள் என்பதைக் கேட்கவில்லை.

வெளியுலகம் இவ்வினாவைக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆயின. இத்தகைய பிள்ளை ஒவ்வொருத்திக்கும் தனித் திட்டம் ஒன்றைப் பெற்றாரும் ஆசிரியரும் கூடி எழுத்தில் வகுக்கவேண்டும் என்று அமெரிக்கா 1975 இலேயே சட்டஞ் செய்தது. பிள்ளைகளில் ஐவரில் ஒருவருக்குப் பாடசாலைக் காலத்தில் எப்போதேனும் விசேட உதவி தேவைப்படலாம் என்று 1978 இல் பிரித்தானியாவின் வார்னொக் அறிக்கை கூறிற்று. விசேட தேவை என்பது அரிதாகச் சிலர்க்கே உரியது என்னும் எண்ணம் அதனால் மாறத் தொடங்கிற்று. 1994 இல் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பாடசாலையிலேயே பயிலத்தக்கவாறு பாடசாலை மாறவேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். அயல்நாடான இந்தியா, 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவற்றை இருபத்தொன்றாக விரித்து, ஓட்டிசத்தையும் கற்றல் இடர்களையும் சேர்த்தது. இலங்கையும் அதே 2016 இல், இத்தகையோரின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைக் கல்விக்கூடம் செய்துதரவேண்டும் என்பது அதன் இருபத்துநான்காம் உறுப்புரை. எங்கள் ஒற்றைத் தாளின் ஐந்து விடயங்களும் அவ்வுறுப்புரையின் எளிய உரையே எனலாம்.

கல்விச் சீர்திருத்தம் என்னும் பேச்சு இந்நாட்டில் மீண்டும் ஓங்கியிருக்கின்றது. முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் தொடங்குவதாக 2025 இல் அரசு அறிவித்த திட்டத்தைப் பற்றி, பாடநூல், பாடவேளை, புள்ளி எனப் பலவும் பேசப்படுகின்றன. செயற்பாடுகளும் வாய்மொழிப் படைப்புகளும் பெருக வேண்டும் என்கின்றார்கள். நன்று, மனனப் பரீட்சையிலும் அது மேல். ஆனால் எழுந்து நின்று பேசுவதே திறமை என்றாகுமிடத்து, எழுந்து நிற்க அஞ்சும் பிள்ளைக்குப் புதிய சிறை ஒன்றையும் நாம் கட்டிவிடலாகாது. பிரம்பைப் பயன்படுத்தலாகாது என்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கை விடுத்தது.  எழுப்பி நிறுத்தி நாணச் செய்யும் வழக்கமோ மறையவில்லை. அதற்கு நானே சான்று.

ஆதலின் மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கின்றேன். சட்டத்தின் வரைவிலக்கணம், உண்ணவும் உடுக்கவும் இயலாமையை மட்டும் அளவாகக் கொள்ளாமல், கற்கவும் பழகவும் குறுக்கே நிற்கும் தடைகளையும் அளவாகக் கொள்ளவேண்டும். பிள்ளைக்கென எழுதப்பட்ட ஒழுங்கு, ஆசிரியர் மாறினும் தரம் மாறினும், அப்பிள்ளையின் கோவையோடு கூடவே செல்லவேண்டும். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் முதலிய சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகின்றது என்பதை ஒவ்வொரு பெற்றாருக்கும் பாடசாலையே காலத்தோடு அறிவிக்கவேண்டும். அறியாத உரிமை இல்லாத உரிமையே.

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து பாடினார் என்பது நாமெல்லாம் போற்றும் வரலாறு. சிறுமியின் தாயாரும் ஊரம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கின்றார், வைக்கட்டும். ஆனால் குமரகுருபரரின் பெற்றோர் வீட்டிலிருந்தபடியே அற்புதத்தை எதிர்பார்த்திருந்தாரல்லர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புறப்பட்டனர். நீங்களும் புறப்படுங்கள். மருத்துவரிடம் செல்லுங்கள், பாடசாலைக்கு வாருங்கள், மன்னிப்புக் கேட்க வராதீர்கள், உரிமை கேட்க வாருங்கள். பேசியதைத் தாளில் எழுதி ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு தவணைகள் கழிந்துவிட்டன. தாயார் தந்த பதிவில் அவள் பா ஓதுவதை என் வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டேன். சீர் பிரித்த முறை பிழையற்றது, குரல் தெளிவானது. பூச்சியத்தை வெட்டி உரிய புள்ளியை இட்டேன். முன்னெழுதிய குறிப்பையும் வெட்டி, அதன் கீழே ஒப்பமிட்டேன். தோழியின் காதுக்குள் அவள் இப்போது வகுப்பிலேயே பேசுகின்றாள். என்னோடு இன்றுவரை ஒரு சொல்லும் பேசினாளல்லள், நானும் கேட்கவில்லை. கயிற்றின் இறுக்கத்தை உணர்ந்து மடியை அறியும் அவள் தந்தையாரின் கலையை நானும் இந்த வயதிற் பழகிவருகின்றேன். நீல அட்டை மேசை விளிம்பில் இருக்கின்றது. அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இருக்கின்றது. மதிய இடைவேளைக்குள் அது பாதி குறைந்துவிடுகின்றது.